சவுண்டு டிரைவர்

புள்ள இல்ல தம்பி, கம்ப்யூட்டர். சேலையில சுத்தி மடியில வெச்சிருக்கவும் ஏறுறவக எல்லாரும் கைப்புள்ளன்னுதான் நினைக்காக. பின்னாடி சீட்டு அம்மா இப்பத்தான், "முகத்தை மூடாதீகய்யா, மூச்சு முட்டும்"னு சொல்லுச்சு. கண்டக்டர் மட்டும் சரியாக் கண்டுபிடிச்சு லக்கேஜ் போட்டுட்டாரு. மேல தூக்கி வைங்கன்னாரு. மாட்டேன்னுட்டேன். அருப்புக்கோட்டையில இருந்து மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை பள்ளம் எத்தனை மேடு. உள்ள இருக்க டிஸ்க்குக்கு அடி கிடி பட்டா யாரு பதில் சொல்றது? மடியிலயே இருக்கட்டும்.

நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே? சொல்லவே வேணாம். கழுத்துல பட்டை, மடியில கருப்புப் பை, தேய்ச்ச சட்டை. ஏறின உடனே பாத்துட்டேன். எனக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை தம்பி, ஆளைப் பாத்தா தப்பவே தப்பாது. அந்தச் சொக்கநாதர்தான் உங்களை இந்த சீட்டுல கொண்டாந்து உக்கார வெச்சிருக்காரு. ஒரே ஒரு சந்தேகம். பழைய மெஷின்ல புது சிஸ்டம் ஏத்தினா சவுண்டு மட்டும் ஏன் வர மாட்டேங்குது? இருங்க, இருங்க. வாயைத் திறக்காதீக. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. பாதி கேட்டுட்டுச் சொன்னவக அம்புட்டுப் பேரும் தப்பாத்தான் சொல்லிருக்காக.

நாளைக்கு வியாழக்கிழமை காலையில பதினொரு மணி. அதுக்குள்ள இந்தப் பெட்டி பேசணும். பேசலைன்னா என் வீட்டுக்காரிக்கு வேலை போயிரும். அவ்வளவுதான் விசயம்.

என் பேரு சுந்தரமகாலிங்கம். வீட்லயே டைப்படிச்சு டிசைன் பண்ற வேலை. காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நான் அடிச்சுக் குடுத்து பிரஸ்ஸுக்குப் போகும். எங்க பக்கம் சுவத்துல நீங்க பாக்குற கண்ணீர் அஞ்சலியில பாதி என் கையில பொறந்தது. வீட்டுக்காரி பேரு செண்பகவல்லி. நூல் மில்லு ஆபீஸ்ல சம்பளப் பிரிவு. இருபத்திரெண்டு வருசம். முன்னூறு பேரு பேரும் லீவும் ஓவர்டைமும் அவளுக்கு மனப்பாடம்.

சக்கரை தம்பி. சக்கரைதான் கண்ணைத் தின்னுருச்சு. ஆறு மாசமா மங்கலாத் தெரியுதுங்க, மங்கலாத் தெரியுதுங்கன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. கண்ணாடி மாத்தினா சரியாப் போகும்னு நான்தான் சொன்னேன். யாரா இருந்தாலும் அப்படித்தான சொல்லுவாக? அப்புறம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாங்குறாக. எட்டுத் தடவை கூட்டிட்டுப் போனேன். லேசர் வெச்சாக. இப்ப வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. நான் எதுக்க போய் நின்னா நிழல் மாதிரி இருக்காம். அதைக் கேட்ட அன்னைக்கு நான் சோறு திங்கல.

மில்லுல மூணு மாசம் லீவு குடுத்தாக. புது மேனேஜர் நல்ல மனுசன்தான். "அம்மா, கண்ணு தெரியாதவங்களும் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறாங்க. எழுத்தை எல்லாம் வாசிச்சுச் சொல்ற சாப்ட்வேர் இருக்கு, இலவசமாவே கிடைக்குது. அதுல பழகி, என் முன்னால ஒரு பக்கம் பிழையில்லாம அடிச்சுக் காட்டுங்க. உங்க சீட்டு உங்களுக்குத்தான். முடியலைன்னா கணக்கை முடிச்சுக்கிடுவோம்"னாரு. ஆபீஸ் மெஷின்ல பரீட்சைக்கு முன்னாடி புதுசா எதையும் ஏத்த விட மாட்டாகளாம், நம்ம மெஷினைத்தான் கொண்டு போகணும்னும் சொன்னாரு. நம்ம மெஷினா? அட, நம்மகிட்டத்தான் சிங்கம் மாதிரி ஒண்ணு கிடக்கேன்னு சந்தோசமா வீட்டுக்கு வந்தேன்.

இந்த மெஷின் வாங்கி பதினாறு வருசம் ஆச்சு. ஒரு மெக்கானிக் கை பட்டது கிடையாது. மின்விசிறி மாத்துறதா, தூசி தட்டுறதா, எல்லாம் நானேதான். அன்னைக்கே எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குற எஸ்தர்னு ஒரு பொண்ணு, செண்பகத்தோட சிநேகிதி, வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, என்கிட்ட லேப்டாப் இருக்கு. அதுல அந்த சாப்ட்வேரை ஏத்தித் தரேன், அக்கா அதுல பழகட்டும்"னுச்சு. வேணாம்மான்னுட்டேன். கட்டின புருசன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கப்ப, அடுத்த வீட்டுப் பொருள்ல எதுக்குப் பழகணும்? எங்க ஆபீஸ்ன்னா சொன்னேன்? அவ ஆபீஸ். ஒரே வீடுன்னா அப்படித்தான் வாயில வந்துருது.

பிரச்சினை என்னன்னா, அந்தப் பேசுற சாப்ட்வேர் பழைய சிஸ்டத்துல வேலை செய்யாது. புது சிஸ்டம்தான் வேணும். பழசை அழிச்சுட்டு ஏத்தலாம்தான். ஆனா என் தமிழ் எழுத்து, என் டிசைன், பதினாறு வருசத்துப் பூவு, குத்துவிளக்கு, அழுற கண்ணு, எல்லாம் பழசுலதான் ஓடும். அதை அழிச்சா என் கையை வெட்டின மாதிரி. அதனால ஒரே டிஸ்க்கை ரெண்டா வகுந்தேன். இங்கிட்டு பழசு, அங்கிட்டு புதுசு. மெஷினைப் போட்டா எது வேணும்னு அதுவே கேக்கும். நானே படிச்சு நானே செஞ்சேன். வகுக்கையில அண்ணன் தம்பிக்குப் பங்கு வைக்கிற மாதிரி சரிபாதியா வகுந்தேன். ஒரு இழை கூடக் குறைய இல்ல.

புதுசு ஏறிருச்சு. செண்பகத்தைக் கூப்பிட்டு நாற்காலியில உக்கார வெச்சு, பேசுற சாப்ட்வேரையும் ஏத்தி, "இப்பக் கேளு"ன்னேன். கேட்டா. நானும் கேட்டேன். மின்விசிறி சத்தம்தான் வந்துச்சு.

டிரைவர் இல்ல தம்பி. உங்களுக்குத் தெரியாததா? உள்ள இருக்க ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சின்ன புரோகிராம் ஏத்தணும். இல்லைன்னா அப்படி ஒரு சாமான் இருக்குறதே மெஷினுக்குத் தெரியாது. சாமான் லிஸ்டைத் திறந்தா, சவுண்டுக்கு நேரா மஞ்சளா ஒரு முக்கோணம், அதுக்குள்ள ஆச்சரியக்குறி. நெட்டுக்கும் அதே மஞ்சள். நெட்டு வந்தா டிரைவரை இறக்கிக்கிடலாம். நெட்டு வரணும்னா டிரைவர் வேணும். எங்க போய் முட்டிக்கிறது? பிரவுசிங் சென்டருக்குப் போய் பென்டிரைவ்ல இறக்கிக் கொண்டாருவேன். ஏத்துவேன். "இது இந்த சிஸ்டத்துக்குப் பொருந்தாது"ன்னு வரும். திரும்பப் போவேன். வேற ஒண்ணு கொண்டாருவேன். பாதி வரைக்கும் ஏறும், நின்னுரும். அந்த சென்டர்ல என்னைப் பாத்தாலே கதவுப் பக்கம் இருக்க மெஷினை எனக்கு ஒதுக்கி வெச்சுருவாக. ரெண்டு மாசம் தம்பி. ரெண்டு மாசம் அந்த மஞ்சள் முக்கோணத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்.

கம்பெனி சிடி இல்லையான்னு கேக்கப் போறீக. இருக்கு. மெஷின் வாங்கையில கூடவே குடுத்தாக. பழைய சிஸ்டம், அப்பத்தான் வந்திருந்த இந்தப் புது சிஸ்டம், ரெண்டுக்கும் உள்ள டிரைவர் அதுலதான் இருக்குன்னு அட்டையிலயே போட்டிருக்கு. பத்திரமா வெச்சிருந்தேன். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை போட்டு, இந்த சிடியையும் தாம்பாளத்துல வெச்சுக் கும்பிடுவேன். பொட்டு வைக்காம கும்பிட முடியுமா? எழுத்து போட்டிருக்கிற பக்கம் முதுகு. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கே, அதுதான் முகம். முகத்துலதான பொட்டு வைப்போம்? நடுவுல ஓட்டையா இருக்கா, அதனால சுத்தி நாலு திசைக்கும் சந்தனம் வெச்சு, அது மேல குங்குமம் வெச்சு, விஜயதசமி முடிஞ்சதும் ஈரத்துணி வெச்சு நல்லா அழுத்தித் துடைச்சு உள்ள வெச்சுருவேன். பதினாறு வருசம். ஒரு வருசம் தப்புனதில்ல.

இப்ப அதைப் போட்டா கர்ருங்குது, கர்ருங்குது, அறுபத்தேழு வரைக்கும் போகுது, நின்னுருது. எப்பப் போட்டாலும் அறுபத்தேழு. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுப் பாத்தேன். வாழைப்பழத் தோலு வெச்சுத் தேய்ச்சேன். வெயில்ல காய வெச்சேன். பழைய சாமான் கடைக்காரர்கிட்டக் கொண்டு போனா, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "இந்தப் பக்கம் யாருங்க பொட்டு வெச்சது?"ன்னு சிரிக்காரு. சாமிக்கு வெச்சதைப் பாத்துச் சிரிக்கிறவன் கடையில நமக்கு என்ன வேலை? வாங்கிட்டு வந்துட்டேன். அந்தக் காலத்து சிடியே அப்படித்தான் தம்பி, தரமில்லாமப் போட்டுட்டாக.

செண்பகம் ஒரு வார்த்தை கோவிச்சுக்கிடல. அதுதான் எனக்கு ஆகல. தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எஸ்தர் வந்து கையைப் பிடிச்சு அவளை சொக்கநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகும். ஏழு மணிக்குத்தான் கொண்டாந்து விடும். வேதக்காரப் புள்ளையா இருந்தும் எங்க கோயிலுக்குள்ள வந்து ரெண்டு மணி நேரம் நிக்குதே, என்ன நல்ல மனசுன்னு நான் பாக்குறவககிட்ட எல்லாம் சொல்லுவேன். கண்ணு போனதுக்கப்புறம் இவளுக்கும் பக்தி கூடிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். நமக்காகத்தான் வேண்டிக்கிடுதா, சவுண்டு வந்துரும்னு இருந்தேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. இதை நான் அவகிட்டக்கூடச் சொல்லல. நீங்க கம்ப்யூட்டர் ஆளு, உங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். புது சிஸ்டத்தைச் சுத்தமா அழிச்சுட்டு முதல்ல இருந்து ஏத்திப் பாப்போம்னு உக்காந்தேன். எந்தப் பாகத்தை அழிக்கன்னு கேட்டுச்சு. ரெண்டு பாகம். ரெண்டும் சரிபாதி. ரெண்டுக்கும் ஒரே அளவு போட்டிருக்கு. பேரும் போட்டுத் தொலைக்கல. எது பழசு எது புதுசு? மேல இருக்கதுதான் புதுசுன்னு தோணுச்சு. அழுத்திட்டேன்.

போச்சு தம்பி. என் எழுத்து போச்சு. பூவு, குத்துவிளக்கு, அழுற கண்ணு, எல்லாம் போச்சு. எதுக்காக ரெண்டா வகுந்தேனோ அது போயிருச்சு. சவுண்டு இல்லாத ஊமைதான் மிச்சம். எந்திரிச்சுக் கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து உக்காந்தேன். வேலை குடுக்க வந்தவகளை எல்லாம் மெஷின் ரிப்பேருன்னு வாசலோட அனுப்புனேன். பத்து நாள் கழிச்சு செண்பகம், "ஏங்க, போஸ்டருக்கு யாரும் வரலையா? கீ போர்டு சத்தமே கேக்கலையே"ன்னா. ஊர்ல ஒரு சாவும் விழலைன்னேன். அப்படியான்னா.

அப்ப எஸ்தர் லேப்டாப்பை வாங்கியிருக்கலாமேன்னு உங்க முகத்துல தெரியுது. அதெப்படி? இவ்வளவு பாடுபட்டதுக்கப்புறம் விட்டுற முடியுமா?

திங்கக்கிழமை சாயங்காலம் மழை பிடிச்சுக்கிருச்சு. குடையை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன், நனைஞ்சுருவாளேன்னு. பிரகாரம் பூராத் தேடுறேன், ஆளைக் காணோம். பூசாரிகிட்டக் கேட்டா, "செண்பகம்மாவா? அவங்களைப் பாத்து மூணு மாசமாச்சே. உடம்புக்கு முடியலையோன்னுல்ல நினைச்சேன்"ங்காரு. நேரா எஸ்தர் வீட்டுக்குப் போனேன்.

ஜன்னல் திறந்திருந்துச்சு. செண்பகம் மேசைகிட்ட உக்காந்திருக்கா. முன்னால லேப்டாப். காதுல ஒயரு. பத்து விரலும் படபடன்னு ஓடுது. பக்கத்துல நின்னு எஸ்தர் ஏதோ பேப்பரைப் பாத்து வாசிக்குது, இவ அடிக்கா. எங்கேயோ தப்பா அடிச்சுட்டா போல, காதுல என்ன கேட்டுச்சோ, ரெண்டு பேரும் சிரிக்காக. செண்பகம் சிரிக்கா தம்பி. அவ சிரிச்சு நான் பாத்து ரெண்டு வருசமாச்சு. குடை கையில இருக்கு, விரிக்கத் தோணல, நனைஞ்சுக்கிட்டே நிக்கேன்.

சந்தோசப்பட்டிருக்கணும். தெரியுது. இப்பத் தெரியுது. ஆனா அன்னைக்கு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் அங்க ஆயுசைக் கொட்டி மஞ்சள் முக்கோணத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். இவ மூணு மாசமா கோயில் கோயில்னு சொல்லி என்னை முட்டாளாக்கி, இங்க வந்து உக்காந்து சிரிக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் வைஞ்சேன். எஸ்தரையும் சேத்து வைஞ்சேன், அந்தப் புள்ள வாசல்லயே நின்னு அழுதுச்சு. செண்பகம் மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னா: "உங்ககிட்டச் சொன்னா மனசு விட்டுப் போவீக. அதான் சொல்லல." எனக்கு அது இன்னும் எரிஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்து அவ கையை எடுத்து என் தலையில வெச்சேன். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. நம்ம கம்ப்யூட்டர்லதான் பரீட்சை எழுதுவேன், வேற எதுலயும் எழுத மாட்டேன்னு சொல்லு"ன்னேன். எங்க பக்கம் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டா மீறுறது கிடையாது. மீறினா தலை குடுத்த ஆளுக்கு ஆகாது. செண்பகம் அதுல எல்லாம் ரொம்பப் பயந்தவ. "சவுண்டு வரலைன்னா என்னங்க செய்ய?"ன்னா. "வரும்"னேன். சத்தியம் பண்ணுனா. போய்ப் படுத்துட்டா.

வரல. செவ்வாய்க்கிழமையும் வரல. இன்னைக்குக் காலையில மதுரைக்குப் போய் எப்படியும் வேற சிடி வாங்கிட்டு வந்துருவேன்னு அவகிட்டச் சொன்னேன். மேலமாசி வீதிப் பக்கம் பழைய பார்ட்ஸ் கடை நிறைய இருக்காம். சரிங்கன்னா. லீவு கடுதாசியில கையெழுத்துப் போடணும்னு ஒம்போதரைக்கே எஸ்தர் கூட மில்லுக்குக் கிளம்பிட்டா. நான் கடைசியா ஒரு தடவை சிடியைப் போட்டுப் பாத்தேன். அறுபத்தேழு. பெட்டியைக் கழட்டி, அவ பழைய சேலையில சுத்தி, பஸ் ஏறிட்டேன்.

இப்பச் சொல்லுங்க தம்பி. இந்த மாடலுக்கு அந்த டிரைவர் மதுரையில கிடைக்குமா, கிடைக்காதா? உண்மையைச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்.

என்னது?

மருந்து கம்பெனியா? கம்ப்யூட்டர் இல்லையா? அப்ப அந்தப் பையில? மாத்திரை சாம்பிளா? அட கடவுளே. கல்குறிச்சியில இருந்து தொண்டைத் தண்ணி வத்த நான் யார்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன்! முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி? ஆமா, நான்தான் வாயைத் திறக்க விடல. சரி, விடுங்க. உங்க மேல தப்பில்ல.

அது என்ன கேள்வி? கேளுங்க, பரவால்ல.

ஆமா. அடிக்கத் தெரியும். நல்லாவே தெரியும், நான்தான் பாத்தேன்ல. ஆமா, எஸ்தர் லேப்டாப் இருக்கு. ஆமா, நாளைக்கு அதைக் கொண்டு போனா எழுதிருவா. ஆனா சத்தியம் இருக்கே! நான் திரும்ப எடுத்துக்கிட்டாவா? நான் வாங்கினதுதான். என் தலைதான். நானே விட்டுக்குடுத்துட்டா...

அதெப்படித் தம்பி. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இல்லைல்ல. அதான் லேசாச் சொல்லிட்டீக. மூணு மாசம் நான் பட்டது? அப்ப அது எதுக்கு? ஒரு போன் போட்டு, சரிம்மா, நீ அதுலயே எழுதிக்கோன்னு சொல்லிட்டா, நான் எதுக்கு?

வாயைப் பாருங்க, என்ன வருதுன்னு. நான் எதுக்குங்கேன். பரீட்சை அவளுக்கு. கண்ணு போனது அவளுக்கு. நான் எதுக்குன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்.

மதுரையில கிடைக்காது தம்பி. எனக்குத் தெரியும். நேத்தே அந்தக் கடைகளுக்கு எல்லாம் போன் போட்டுக் கேட்டுட்டேன், இம்புட்டுப் பழைய சிடியை யாரு வெச்சிருப்பாங்குறாக. தெரிஞ்சுதான் பஸ் ஏறினேன். வீட்ல அவ முன்னால உக்கார முடியல.

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க. மெல்ல. போனை எடுக்கணும். சொல்லிருதேன். இப்பவே சொல்லிருதேன், அப்புறம் மனசு மாறிரும். மணி என்ன, ஒண்ணா? வீட்டுக்கு வந்திருப்பா.

முழுசா ஒரு ரிங்கு போகல, எடுத்துட்டா.

ஹலோ. செண்பகம். நான்தான்.

நான்தான்டி. வேற யாரு பேசுவா என் போன்ல? பஸ்லதான் இருக்கேன். காரியாபட்டி வரப் போகுது. இல்ல, ஒண்ணும் ஆகல. பஸ்ஸு நல்லாத்தான் போகுது. தலையா? தலைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. ஏன் அழுற? செண்பகம், எதுக்கு அழுற? நான் சொல்ல வந்ததைக் கேளு முதல்ல. அந்த சத்தியம் இருக்குல்ல, அதை...

என்னது? எப்ப? இன்னைக்கா?

சரி. சரி அழாத. இருக்கேன். இங்கதான் இருக்கேன், லைன்லதான் இருக்கேன். பேசு.

சரி. சரிம்மா. எறங்கிருதேன். உக்காந்திருக்கேன். வெச்சுரு. இல்ல, நீயே வெய்யி. நான் வைக்க மாட்டேன்.

எழுதிட்டாளாம் தம்பி.

இன்னைக்குப் பதினொரு மணிக்கு. கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னது பொய்யி. எஸ்தர் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயிருக்கு. மேனேஜர் பேப்பரைப் பாத்து வாசிக்க வாசிக்க ஒரு பக்கம் அடிச்சிருக்கா. ரெண்டே ரெண்டு பிழையாம். அது கிடக்கட்டும், திங்கக்கிழமையில இருந்து வேலைக்கு வாங்கம்மான்னு சொல்லிட்டாராம். நாளைக்கு எல்லார் முன்னாலயும் நான் இந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் வெச்சு, இது பேசாம நின்னு, எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சா அவளால தாங்க முடியாதாம். அதான் நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து முடிச்சிருக்கா. பழைய சிஸ்டம் அழிஞ்சதும் தெரியுமாம். நான் கொல்லையில போய் அழுதது கேட்டுச்சாம்.

ஆனா சத்தியத்தை மீறிட்டாள்ல. என் தலையில அடிச்சது. பன்னெண்டு மணியில இருந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்னைக் கூப்பிடப் பயமாம். கூப்பிட்டு, நான் எடுக்காம வேற யாராவது எடுத்துட்டா என்ன செய்யன்னு கூப்பிடலையாம். எந்த பஸ் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு நின்னாளாம். வேலை கிடைச்ச அன்னைக்கு என் பொண்டாட்டி ஒரு மணி நேரம் அப்படி உக்காந்திருந்திருக்கா தம்பி. நான் வாங்கின சத்தியம். சவுண்டு வரலைன்னு வாங்கின சத்தியம். நான் மனுசனா?

இதுக்கு மேல ஒரு அடிகூட பஸ்ல போகக் கூடாதாம். காரியாபட்டியில எறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே ஒரு ஓரமா உக்காந்திருக்கணுமாம். எஸ்தரைக் கூட்டிக்கிட்டு அவ வந்து என்னைக் கூட்டிட்டுப் போறாளாம். அதுவரைக்கும் டீ குடிக்கக்கூட நான் ரோட்டைத் தாண்டக் கூடாதாம்.

கண்டக்டரைக் கூப்பிடுங்க தம்பி. பெட்டியை நான் வாங்கிக்கிடுதேன். எறங்கணும்னு சொல்லுங்க.